மிச்சிகன் கல்லில் அறுகோணம்: இது எந்த வகைப் பவளம்?

அஸ்தம்பட்டி அப்பா:

எல்லோருக்கும் வணக்கம். மிச்சிகனில் வேலை பார்க்கும் என் மச்சான் ஊருக்கு வந்தபோது ஒரு கல் கொண்டுவந்தார். அங்கே ஏரிக்கரையில் கிடைக்குமாம், பெட்டோஸ்கி கல் என்கிறார்கள். 1965-ல் அந்த மாநிலத்தின் அதிகாரபூர்வக் கல்லாக அறிவித்திருக்கிறார்கள். காய்ந்திருக்கும்போது சாம்பல் நிறத்தில் ஒரு சாதாரணக் கூழாங்கல். தண்ணீரில் நனைத்ததும் மேலெல்லாம் அறுகோணக் கட்டங்கள் தெரிகின்றன. ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும் கருப்பாக ஒரு பொட்டு, அதிலிருந்து ஓரம் வரைக்கும் வெளிறிய கோடுகள்.

மகள் ஒன்பதாம் வகுப்பு. பள்ளி அறிவியல் கண்காட்சியில் இதை வைக்கிறாள். "அறுகதிர்ப் பவளம், இன்றைய பவளப்பாறைகளைக் கட்டும் இனத்தின் முன்னோர்" என்று சார்ட்டில் எழுதப் போகிறாள். அது சரிதானா? உள் அமைப்பைப் படம் வரைந்து பாகங்களையும் குறிக்க வேண்டும். விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் பொறுமையாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

ஐந்துரோடு:

ஆறு மூலை இருக்கிறது, பெயரும் ஹெக்சகொனேரியா என்றுதான் நெட்டில் வருகிறது. அப்படியென்றால் ஆறின் மடங்கில் உள்தடுப்பு வைக்கும் இன்றைய பவளக் கூட்டம்தானே? சார்ட்டில் தப்பு இருப்பதாகத் தெரியவில்லை.

கல்தேடி:

இல்லைங்க, அந்தத் தலைப்பை அப்படியே விடக்கூடாது. கல் நல்ல கல். பேரினப் பெயரும் சரி, ஹெக்சகொனேரியாதான். ஆனால் அது ரூகோசா என்கிற வரிசையைச் சேர்ந்தது. அந்த வரிசை முழுக்க அழிந்துபோய் சுமார் 25 கோடி ஆண்டு ஆகிறது. இன்று கடலில் பாறை கட்டுகிற பவளங்கள் ஸ்கிளராக்டீனியா என்ற வேறு வரிசை.

முதலில் அந்த அறுகோணம் எப்படி வந்தது என்று பார்ப்போம். ஒவ்வொரு கட்டமும் ஒரு பாலிப், அதாவது பவளக் கூட்டத்தின் ஒரு சிறு பிராணி, உட்கார்ந்திருந்த அறை. ஒரே அளவில் வளர்கிற உருளைகள் இடைவெளி இல்லாமல் நெருக்கும்போது ஒவ்வொன்றையும் சுற்றிச் சராசரியாக ஆறு பேர் வந்துவிடுகிறார்கள். சுவர் தட்டையாகி அறுகோணம் ஆகிறது. கல்லைத் திருப்பிப் பார்த்தால் ஐந்து பக்கம், ஏழு பக்கம் உள்ள அறைகளும் கண்ணில் படும். அதாவது அந்த ஆறு நெருக்கடியால் வந்தது. பிராணியின் உடல் அமைப்புக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. அழிந்த பவளங்களை வகைப்படுத்த உள்ளே இருக்கும் தடுப்புகள் எந்த ஒழுங்கில் முளைத்தன என்று பார்க்க வேண்டும். வெளி வடிவத்தை நம்பிப் பெயர் வைத்தவர்கள் இந்தத் துறையில் நிறையப் பேர் ஏமாந்திருக்கிறார்கள்.

இப்போது பாகங்கள். மகள் படம் வரையும்போது குறுக்கு வெட்டு ஒன்று, நெடுக்கு வெட்டு ஒன்று என இரண்டாக வரையட்டும். ஒரே படத்தில் எல்லாவற்றையும் காட்ட முடியாது.

குறுக்கு வெட்டில், ஓரச் சுவரிலிருந்து நடுவை நோக்கி ஓடும் வெளிறிய கோடுகள்தான் செப்டா, அதாவது தடுப்புகள். சுண்ணாம்பில் கட்டிய செங்குத்தான தகடுகள் அவை. உற்றுப் பார்த்தால் ஒன்று நீளம், அடுத்தது குட்டை என்று மாறி மாறி வரும். நீளமானவை பெருந்தடுப்புகள், குட்டையானவை சிறுதடுப்புகள். உயிரோடு இருந்தபோது பாலிப்பின் உடலுக்குள் சதை மடிப்புகள் தொங்கும். அவற்றுக்கு இடையில்தான் இந்தத் தகடுகள் எழும்பும். பெட்டோஸ்கி கல்லில் கிடைக்கும் இனத்துக்கு இன்னொரு விசேஷம் உண்டு. தகடுகளின் இரு பக்கமும் சின்னச் சின்ன மேடுகள் புடைத்திருக்கும், கேரினா என்பார்கள். பத்து மடங்கு லென்ஸ் வைத்தால், கோடு நேராக ஓடாமல் இருபுறமும் முள் வைத்ததுபோல் தெரிவது அதனால்தான்.

நெடுக்கு வெட்டில் வேறு காட்சி. அறையின் நடுப்பகுதியில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடைமட்டத் தளங்கள், அவை டாபுலா. பாலிப் மேலே வளர வளர, காலியாகும் பழைய இடத்தைத் தனக்குக் கீழே மூடிக்கொண்டே போகும். அப்படி மூடியவைதான் இவை. ஓரப்பகுதியில் வளைந்த சிறு தகடுகள் அடுக்கடுக்காக இருக்கும், அவை டிசெப்பிமென்ட். ஹெக்சகொனேரியாவில் இந்த ஓரப் பட்டை அகலம், நடுவில் இருக்கும் டாபுலா பட்டை குறுகல். மேல் நுனியில் பாலிப் உட்காரும் பள்ளம் கேலிஸ். நடுவில் தெரியும் கருப்புப் பொட்டு பிராணியின் கண் என்று சிலர் நினைப்பார்கள். அது உறுப்பு கிடையாது, அந்த இடத்தில் அடைந்துகொண்ட கருத்த சேறு. படத்தில் அதற்குப் பாகப் பெயர் எழுத வேண்டாம்.

பக்கத்து அறைகள் பொதுச் சுவரால் ஒட்டிக்கொண்டிருக்கும் இப்படிப்பட்ட கூட்டத்தை செரியாய்டு வகை என்பார்கள். குடும்பம் டிஸ்ஃபில்லிடே.

ஏற்காடு தோட்டம்:

அருமையான விளக்கம் சார். கூடவே ஒரு சந்தேகம். இங்கே மலையில் பாக்சைட் எடுத்த இடத்துப் பக்கம் துளைத்துளையாகப் பழுப்பு நிறக் கற்கள் கிடைக்கின்றன. உடைத்தால் உள்ளே குழாய் குழாயாக இருக்கிறது. ஒருவர் அதைப் பவளம் என்று சொல்லி டூரிஸ்டுகளுக்குக் காட்டினார். சேர்வராயன் மலை ஒரு காலத்தில் கடலுக்கு அடியில் இருந்ததா?

ஐந்துரோடு:

நானும் கேட்க நினைத்தேன். சுண்ணாம்புக்குன்றுப் பக்கம் மேக்னசைட் கட்டிகள் வெள்ளையாக, காலிஃபிளவர் மாதிரி மொட்டு மொட்டாக இருக்கும். பார்க்க அச்சு அசல் பவளம்தான்.

பாறைமகள்:

நிலவியல் முதுகலை படிக்கிறேன், சேலத்துப் பெண். இதற்கு நான் பதில் சொல்கிறேன்.

சேர்வராயன் மலை சார்னோகைட் பாறையால் ஆனது. பூமியின் மேலோட்டில் வெகு ஆழத்தில், கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவான பாறை. இதன் வயது சுமார் 250 கோடி ஆண்டு. ரூகோசாப் பவளங்கள் உலகில் தலைகாட்டியதே 45 கோடி ஆண்டுகளுக்குச் சற்று முன்புதான். அதாவது நம் மலைப் பாறை உருவானபோது பவளம் மட்டுமில்லை, எந்தப் பிராணியுமே கிடையாது. மலை உச்சியில் இருக்கும் பாக்சைட், அதே சார்னோகைட் மழையிலும் வெயிலிலும் நீண்ட காலம் மக்கி, சிலிக்கா கரைந்து போக, அலுமினியம் மிஞ்சியதால் வந்தது. துளைகளும் குழாய்களும் அந்த மக்கலின் விளைவு. உடைத்த முகத்தில் லென்ஸ் வைத்துப் பாருங்கள். குழாய்க்குள் ஆரமாக ஓடும் தடுப்பு ஒன்றுகூட இருக்காது, ஒரு குழாய்க்கும் அடுத்ததற்கும் அளவு ஒத்துவராது.

மேக்னசைட் கதையும் அப்படித்தான். ஆங்கிலேயர்கள் அந்தக் குன்றுகளைச் சாக் ஹில்ஸ் (சாக் என்பது மிருதுவான வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை) என்று அழைத்ததால் பலருக்குச் சுண்ணாம்பு, கடல், சிப்பி என்று நினைப்பு ஓடுகிறது. அங்கே சாக் பாறையே இல்லை. டுனைட் போன்ற மெக்னீசியம் நிறைந்த பாறை மாறிய பிறகு அதன் வெடிப்புகளில் படிந்தது மேக்னசைட். மிக நுண்ணிய துகள்களாகப் படிவதால் அந்த மொட்டு வடிவம் வருகிறது. ஒரு கட்டியை உடைத்தால் உள்ளே பீங்கான் உடைந்ததுபோல் ஒரே சீரான வெள்ளை. அறையும் இல்லை, சுவரும் இல்லை.

சங்ககிரிச் சுண்ணாம்புக்கல்லைப் பற்றியும் யாராவது கேட்பீர்கள், அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன். அது சுண்ணாம்புக்கல்தான், சிமென்ட்டுக்கு எடுக்கிறார்கள். ஆனால் வெப்பத்தில் முழுக்க மறுபடிகமானது, பளபளக்கும் பெரிய படிகங்கள். அதிலும் புதைபடிவம் தேடிப் பயனில்லை.

ஒரு எளிய சோதனை. நீர்த்த அமிலம் ஒரு சொட்டு விட்டால் கால்சைட் உடனே நுரைக்கும், மேக்னசைட் குளிர்ந்த அமிலத்தில் ஏறக்குறைய சும்மாவே இருக்கும். அஸ்தம்பட்டி சார், உங்கள் கல்லில் செய்வதாக இருந்தால் அடிப்பக்கம் ஒரு சொட்டு வினிகர் போதும். உடனே கழுவிவிடுங்கள், மெருகு கெட்டுவிடும்.

ஏற்காடு தோட்டம்:

நன்றி மேடம். அடுத்த முறை அந்த ஆளைப் பார்த்தால் லென்ஸைக் கையில் கொடுத்துப் பார்க்கச் சொல்கிறேன்.

குரங்குச்சாவடி:

கல்தேடி சாருக்கு ஒரு கேள்வி. ரூகோசாவை நாற்கதிர்ப் பவளம் என்றும் சொல்கிறார்கள், நான்கு இடத்தில்தான் தடுப்பு முளைக்கும் என்று படித்திருக்கிறேன். ஆனால் பெட்டோஸ்கி கல் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முப்பதுக்கு மேல் கோடுகள், எல்லாப் பக்கமும் ஒரே சீராக இருக்கின்றன. நான்கு எங்கே? தடுப்பு முளைத்த ஒழுங்குதான் அடையாளம் என்று நீங்கள் சொல்கிறீர்கள். கல்லில் அந்த ஒழுங்கே தெரியவில்லை என்றால் எப்படி வகைப்படுத்துவது?

கல்தேடி:

ரொம்ப நியாயமான கேள்வி. இந்த இழையிலேயே முக்கியமான கேள்வி இதுதான்.

ரூகோசாப் பாலிப் குட்டியாக இருக்கும்போது முதலில் அறையின் குறுக்கே ஒரே தகடு எழும். அது பிரிந்து ஒரு முனை கார்டினல், எதிர் முனை கவுண்டர் என்று இரண்டாகும். பிறகு கார்டினலுக்கு இரு பக்கமும் ஆலார் தடுப்புகள் இரண்டு, கவுண்டருக்கு இரு பக்கமும் இரண்டு. ஆக மொத்தம் ஆறு. கவனியுங்கள், ரூகோசாவும் ஆறில்தான் தொடங்குகிறது. அதற்கு அப்புறம்தான் வழி பிரிகிறது. ஸ்கிளராக்டீனியாவில் இந்த ஆறுக்கு இடைப்பட்ட ஆறு இடங்களிலும் புதுத் தடுப்பு வரும். 6, அப்புறம் இன்னொரு 6, அடுத்து 12, அடுத்து 24 என்று சுற்றுச் சுற்றாக நிரம்பும். ரூகோசாவில் நான்கே இடங்களில்தான் புதியவை சேரும். கார்டினலின் இரு பக்கத்தில் இரண்டு இடம், ஆலார் தடுப்புகளின் கவுண்டர் பக்கத்தில் இரண்டு இடம். கவுண்டரை ஒட்டிய இரண்டு இடங்களில் பெருந்தடுப்பு முளைப்பதில்லை. இந்த ஒழுங்கை 1869-ல் குந்த் என்பவர் விளக்கினார், இன்றும் குந்த் விதி என்றே சொல்கிறார்கள்.

வளர்ந்த பவளத்தில் இது மறைந்துவிடும் என்பதுதான் நீங்கள் கண்ட சிக்கல். புதுத் தடுப்புகள் நீண்டு, எல்லாம் நடுவை நோக்கிச் சாய்ந்து, கடைசியில் சீரான ஆரம் போல ஆகிவிடும். ஹெக்சகொனேரியாவில் முதிர்ந்த அறையை வைத்துக்கொண்டு இதுதான் கார்டினல் என்று காட்டுவது கஷ்டம். அதனால் ஆய்வாளர்கள் ஒரு இளம் அறையை அடியிலிருந்து மேல்நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து, ஒவ்வொரு கட்டத்தையும் படம் எடுத்து, தடுப்பு சேர்ந்த வரிசையைப் படிக்கிறார்கள். தனியாக வளரும் கொம்புப் பவளங்களில் இது சுலபம். கூர்நுனியிலிருந்து கிண்ணம் வரைக்கும் ஒரே பிராணியின் வாழ்க்கை வரிசையாக இருக்கும். வெளித்தோலில் ஓடும் நெடுக்குக் கோடுகள்கூட நான்கு இடங்களில் சாய்வாகப் போய்ச் சேர்வதைப் பார்க்கலாம்.

தேய்க்காமல் சொல்ல வேண்டுமென்றால் மற்ற அடையாளங்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். பெரியதும் சிறியதும் மாறி மாறி வரும் தடுப்புகள், நன்றாக வளர்ந்த டாபுலா, டிசெப்பிமென்ட் பட்டை, அப்புறம் எலும்புக்கூட்டின் கனிமம். ரூகோசா கால்சைட்டில் கட்டியது. ஸ்கிளராக்டீனியா அரகோனைட்டில் கட்டுகிறது. அரகோனைட் நிலையில்லாதது, காலப்போக்கில் கரையும் அல்லது கால்சைட்டாக மாறும், நுண் அமைப்பு அழியும். 38 கோடி ஆண்டு தாண்டியும் பெட்டோஸ்கி கல்லில் ஒவ்வொரு முள்ளும் இவ்வளவு துல்லியமாக நிற்கிறதே, அது கால்சைட்டில் கட்டியதன் பலன்.

வெளி வடிவம் எவ்வளவு தூரம் ஏமாற்றும் என்பதற்கு கால்சியோலாவைச் சொல்ல வேண்டும். ஜெர்மனியின் ஐஃபெல் பகுதியில் நிறையக் கிடைக்கும் டெவோனியன் காலத்து (சுமார் 42 முதல் 36 கோடி ஆண்டுக்கு முந்தைய) உயிர். ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் வளைவு, வாய்க்கு மேலே அரைவட்ட மூடி. லின்னேயஸ் 1771-ல் அதை அனோமியா என்ற சிப்பிப் பேரினத்தில் சேர்த்தார். அதற்கு அப்புறமும் நெடுங்காலம் சிப்பி போன்ற பிராக்கியோபாட் என்றே நினைத்தார்கள். மூடி இருக்கிறதே, வேறு என்னவாக இருக்கும் என்பதுதான் வாதம். உள்ளே தடுப்புகளைப் பார்த்துத்தான் 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ரூகோசாப் பக்கம் கொண்டுவந்தார்கள். மூடி போட்ட பவளம் இன்னொன்றும் உண்டு, கோனியோஃபில்லம். அதற்கு நான்கு துண்டு மூடி.

அரியலூர் பேரன்:

எங்கள் தாத்தா ஊர்ப் பக்கம், கல்லக்குடிச் சுண்ணாம்புச் சுரங்கங்களில் பவளமும் பாசியும் சேர்ந்து கட்டிய சுண்ணாம்புக்கல் இருக்கிறது. சேலத்திலிருந்து ஒரே நாளில் போய்வரலாம். மகளை அங்கே கூட்டிப்போனால் இதே வகையைப் பார்க்க முடியுமா?

பாறைமகள்:

பவளத்தைப் பார்க்கலாம், இதே வகையைப் பார்க்க முடியாது. அங்கே உள்ள படிவுகள் கிரெட்டேசியஸ் காலத்தவை, பழையதே சுமார் 11 கோடி ஆண்டுதான். ரூகோசா அழிந்து 14 கோடி ஆண்டுக்குப் பிறகு வந்த கடல் அது. அங்கே கிடைப்பவை ஸ்கிளராக்டீனியா. ஸ்டோலிஸ்கா என்ற நிலவியலாளர் 1873-ல் அந்தப் பவளங்களை விவரித்து எழுதியிருக்கிறார். எனக்கென்னவோ கண்காட்சிக்கு இது இன்னும் நல்ல யோசனை என்று படுகிறது. மிச்சிகன் ரூகோசா ஒரு பக்கம், நம்ம ஊர் ஸ்கிளராக்டீனியா மறுபக்கம். வாரணவாசியில் இருக்கும் புதைபடிவ அருங்காட்சியகத்தில் பார்த்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சுரங்கத்துக்குள் அனுமதி இல்லாமல் போக வேண்டாம். வெட்டுமுகம் சரியக்கூடியது, அதிலும் பிள்ளையைக் கூட்டிப் போகிறீர்கள்.

குரங்குச்சாவடி:

டெவோனியன் பவளத்தில் வளர்ச்சிக் கோடுகளை எண்ணி அப்போது ஆண்டுக்கு 400 நாள் என்று கண்டுபிடித்தார்களாமே. இந்தக் கல்லில் எண்ணலாமா? பிள்ளைகள் அசந்துபோவார்கள்.

கல்தேடி:

செய்தி உண்மை. ஜான் வெல்ஸ் என்ற ஆய்வாளர் 1963-ல் வெளியிட்டார். பவளத்தின் வெளித்தோலான எபிதீக்காவில் மெல்லிய வரிகள் இருக்கும், நாளுக்கு ஒன்று. ஆண்டுக்கு ஒருமுறை வரும் தடித்த வளையங்களுக்கு இடையில் அவற்றை எண்ணினால் டெவோனியன் பவளங்களில் சராசரி 400 வந்தது. நிலவின் ஈர்ப்பால் எழும் அலைகளின் உராய்வு பூமியின் சுழற்சியை மெதுவாக்குகிறது. அப்போது ஒரு நாள் 22 மணி நேரத்துக்குக் கிட்டத்தட்ட இருந்தது. ஆண்டின் நீளம் அதேதான், நாள் சிறியது, அதனால் எண்ணிக்கை கூடுதல்.

ஆனால் இந்தக் கல்லில் எண்ண முடியாது. வரி இருக்க வேண்டிய வெளித்தோல் தனிப் பவளங்களில்தான் சுற்றிலும் வெளியே தெரியும். செரியாய்டு கூட்டத்தில் அறைகள் சுவரோடு சுவர் ஒட்டியவை. போதாததற்கு, பெட்டோஸ்கி கற்களைப் பனியாறுகள் பெயர்த்து உருட்டியிருக்கின்றன, அப்புறம் ஏரி அலை தேய்த்திருக்கிறது. சார்ட்டில் இந்தச் செய்தியைப் போடட்டும், ஆனால் வேறு டெவோனியன் பவளங்களில் எண்ணியது என்று சொல்லிப் போட வேண்டும்.

அஸ்தம்பட்டி அப்பா:

எல்லோருக்கும் நன்றி. நேற்று சாயங்காலம் மகளும் நானும் கல்லின் ஒரு பக்கத்தை மட்டும் உப்புத்தாளில் தண்ணீர் விட்டுத் தேய்த்தோம். சொரசொரப்பான தாளில் தொடங்கி நைஸ் தாளில் முடித்தோம். கல் ரொம்ப மிருது, சீக்கிரம் வழவழப்பாகிவிட்டது. லென்ஸில் நீளம், குட்டை மாறி வருவது தெளிவாகத் தெரிகிறது. தடுப்பின் இரு பக்கமும் முள் முள்ளாக இருப்பதும் தெரிகிறது. மூன்று பெரிய அறைகள் சந்திக்கிற மூலையில் ஒரு குட்டி அறை, பெரியதில் கால்வாசிகூட இல்லை. அதில் கோடுகள் கொஞ்சம்தான். கல்லின் பக்கவாட்டில் ஓரிடத்தில் அறை நெடுக்காகவே வெட்டுப்பட்டிருக்கிறது, நடுவில் ஏணிப்படி போலக் கிடைக்கோடுகள். அதுதான் டாபுலாவா?

கல்தேடி:

அதேதான். நெடுக்கு வெட்டுப் படத்துக்கு அந்த இடத்தையே பார்த்து வரையச் சொல்லுங்கள், புத்தகப் படம் வேண்டாம். மூலையில் இருக்கும் குட்டி அறை புதிதாக மொட்டுவிட்ட பிள்ளைப் பாலிப். குரங்குச்சாவடி கேட்ட நான்கு இடத்து ஒழுங்கைத் தேட வேண்டிய இடமும் அங்கேதான். ஆனால் அதற்கு அந்த அறையைத் தேய்த்தே தீர்த்துவிட வேண்டும், அதனால் இந்தக் கல்லில் செய்யாதீர்கள்.

பெயர்ச்சீட்டில் இப்படி இருக்கட்டும்: ஹெக்சகொனேரியா, வரிசை ரூகோசா, நடு டெவோனியன், மிச்சிகன். பெட்டோஸ்கி கல்லில் மிகுதியாக வருவது பெர்கேரினேட்டா என்ற இனம், முள் அமைப்பும் ஒத்துப்போகிறது. ஆனாலும் மெல்லிய சீவல் எடுத்து நுண்ணோக்கியில் பார்க்காமல் இனப் பெயரை உறுதியாக எழுத நான் சம்மதிக்க மாட்டேன்.

ஐந்துரோடு:

வகை புரிந்தது. ஆனால் "முன்னோர்" என்ற சொல்லை ஏன் எடுக்க வேண்டும்? ரூகோசாவும் ஆறு தடுப்பில் தொடங்குகிறது என்று நீங்களே சொன்னீர்கள். ரூகோசா போனது, கொஞ்ச காலத்தில் ஸ்கிளராக்டீனியா வந்தது. ஒன்றிலிருந்து மற்றது வந்தது என்று வைத்துக்கொண்டால் என்ன?

பாறைமகள்:

பல காலம் அப்படி நினைத்தவர்கள் உண்டு, அதனால் உங்கள் வாதம் ஒன்றும் அர்த்தமில்லாதது கிடையாது. ஆனால் இடிக்கிற விஷயங்கள் நிறைய. பெர்மியன் முடிவில், 25.2 கோடி ஆண்டுக்கு முன், ரூகோசா காணாமல் போகிறது. ஸ்கிளராக்டீனியா அதற்கு அடுத்த காலமான டிரயாசிக்கின் நடுவில்தான் வருகிறது. இடைப்பட்ட பல பத்து லட்சம் ஆண்டுகளுக்குப் பவள எலும்புக்கூடே கிடைப்பதில்லை. வந்தபோதும் கனிமம் வேறு, தடுப்பு சேரும் ஒழுங்கு வேறு, அதுவும் ஒரே இனமாக வராமல் பல வடிவங்களாக வந்தது. கூடு கட்டாத, கடல் சாமந்தி போன்ற மெல்லுடல் உயிர்களிலிருந்து எழுந்திருக்கலாம் என்ற கருத்துக்கு அதனால்தான் வலு அதிகம்.

இதைவிடப் பலமான சான்று ஸ்காட்லாந்தில் இருக்கிறது. அங்கே டெவோனியனுக்கும் முந்தைய ஆர்டோவிசியன் காலத்துப் பாறையில் கில்புகோஃபில்லியா என்ற பவளம் கிடைத்தது, 1991-ல் விவரித்தார்கள். அதன் தடுப்புகள் ஸ்கிளராக்டீனியா ஒழுங்கில், ஆறு இடத்திலும் சேர்ந்திருக்கின்றன. ரூகோசா செழித்திருந்த காலத்திலேயே அதற்குப் பக்கத்தில் இன்னொரு வழியும் ஓடிக்கொண்டிருந்தது என்று அர்த்தம். இன்றைய பவளங்களின் மரபணு ஒப்பீடும் அவற்றின் வேர், பெர்மியனோடு முடிந்த பேலியோசோயிக் காலத்துக்குள் போவதாகவே காட்டுகிறது. அப்பா என்று சொல்வதைவிட, பங்காளி என்று சொன்னால் பொருந்தும்.

ஐந்துரோடு:

ஸ்காட்லாந்துப் பவளத்தைப் பற்றி இப்போதுதான் கேள்விப்படுகிறேன். அந்த ஒரு சான்றே போதும், "முன்னோர்" வேண்டாம்.

அஸ்தம்பட்டி அப்பா:

மகளிடம் படித்துக் காட்டினேன். "முன்னோர்" வரியை அடித்துவிட்டாள். தடுப்பு சேரும் இரண்டு ஒழுங்கையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்துகொண்டிருக்கிறாள். கார்டினலை மேலே வைப்பதா கீழே வைப்பதா என்று கேட்கிறாள்.

கல்தேடி:

கீழே வைக்கட்டும், பெரும்பாலான படங்களில் அப்படித்தான் போடுவார்கள். புதுத் தடுப்பு சேரும் நான்கு இடங்களுக்கு மட்டும் சிவப்பு மை.